சிகிச்சை நடக்கிறது, திறக்கக் கூடாது

மனிதர்கள் மூச்சு விடுவதில் எனக்குத் தனிப்பட்ட ஆட்சேபணை எதுவும் இல்லை, ஐயா. நானும் விடுகிறேன். உங்கள் எழுத்தர் கொஞ்சம் சத்தமாகவே விடுகிறார். மூக்கில் சதை வளர்ந்திருக்கலாம், யாரிடமாவது காட்டச் சொல்லுங்கள். நான் அந்த மாதிரி டாக்டர் இல்லை. எல்லோரும் என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டாலும், என்னிடம் வருகிற நோயாளிகள் மரம், துணி, சுண்ணாம்புப் பூச்சு இவைதான். அவர்கள் மூச்சு விடுவதில்லை. அதனால்தான் மூவாயிரம் வருஷம் தாக்குப்பிடித்திருக்கிறார்கள்.

பெயர் சுஹைர் அல்-தமன்ஹூரி. நைல் நதியின் மனியால் தீவில் ஷவாஹிர் பாஷாவின் மாளிகையை அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்களே, அங்கே பழம்பொருள்களைப் பேணும் பிரிவின் தலைவி. பிரிவில் நான் ஒருத்திதான் இருக்கிறேன், இருந்தாலும் தலைவி என்றுதான் பலகையில் எழுதியிருக்கிறது. கல்யாணம் ஆகவில்லை. அது விசாரணைக்குத் தேவையா என்று தெரியவில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். நியாயம்தான். ஆரம்பம் தமீத்.

தமீத் ஒரு பாடகி. தீப்ஸ் நகரத்து ஆமோன் கோயிலில் பாடியவள். அவள் உடம்பை எந்தக் காலத்துத் திருடர்களோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சவப்பெட்டி மட்டும் எங்களிடம் இருக்கிறது. அத்திமரத்தில் ஆள் உருவமாகச் செதுக்கி, மேலே சுண்ணாம்பு பூசி, அதன்மேல் மஞ்சள் தீட்டியது. அந்த மஞ்சளை நீங்கள் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பழுத்த மாம்பழத்தைச் சாயங்கால வெயிலில் வைத்தால் கொஞ்சம் கிட்டே வரும். முகத்தில் பெரிய கண்கள், சிரிப்பதற்கு முந்தின கணத்தில் நிறுத்திய மாதிரி ஒரு வாய். எங்கள் மாளிகையில் தங்கமும் உண்டு, வெள்ளியும் உண்டு. ஆனால் அவளைப் போல இன்னொன்று கிடையாது.

அவளுக்குக் கண்ணாடிக் கூண்டு கிடையாது. கூண்டுக்கென்று பணம் ஒதுக்கியது உண்மை. இயக்குநர் தல்அத் பே அந்தப் பணத்தில் தோட்டத்தில் காபிக்கடை கட்டினார். நல்ல காபிக்கடை. அதில் கண்ணாடி நிறையப் போட்டிருக்கிறார்கள்.

கூண்டு இல்லாததால் ஜனங்கள் நேராக அவள் முகத்தின் மேல் மூச்சு விட்டார்கள். ஒரு பள்ளிக்கூட பஸ் வந்து போனால் போதும், கூடத்துச் சுவரில் ஈரம் ஏறும். மரம் அதைக் குடித்து உப்பும். ராத்திரி உலர்ந்து சுருங்கும். மரம் உப்பிச் சுருங்குவதைச் சுண்ணாம்பு தாங்காது. காலையில் நான் தரையில் முழந்தாளிட்டுப் பார்ப்பேன். கடுகு அளவில் ஒரு மஞ்சள் துணுக்கு விழுந்து கிடக்கும். அதைக் கிடுக்கியால் எடுத்து, விழுந்த இடம் கண்டுபிடித்து ஒட்டுவேன். சிலதுக்கு இடம் கிடைக்காது.

கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. எனவே என்னால் முடிந்ததைச் செய்தேன். அவளைச் சுற்றியிருந்த தடுப்புக் கயிற்றை ஒரு கை தூரம் பின்னால் தள்ளிக் கட்டினேன். பிறகு இன்னும் ஒரு கை. விளக்கைக் குறைத்தேன். கூடத்தைச் செவ்வாய்க்கிழமை மூடினேன், பிறகு புதன்கிழமையும். வாசலில் "சீரமைப்பு நடக்கிறது, வருந்துகிறோம்" என்று ஒரு பலகை வைத்தேன். நான் வருந்தவில்லை, ஆனால் அப்படி எழுதுவதுதான் மரபு. தரைக்கு மெழுகு போட்டேன். மெழுகு பழைய மரத்தரைக்கு நல்லது. கொஞ்சம் கூடுதலாகிவிட்டது, ஒரு பல்கேரியக்காரர் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கூடத்துக்குக் கூட்டம் குறைந்தது. நானே ஆஸ்பத்திரிக்குப் பூங்கொத்து அனுப்பினேன்.

தொற்றுநோய்க் காலத்தில் எல்லாவற்றையும் மூடினார்கள் இல்லையா. எத்தனையோ வீடுகளில் துக்கம். எங்கள் மாடிப்படிக் காவலரும் போய்விட்டார். அதை நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலம் முழுவதும் தமீத்தின் மேலிருந்து ஒரு துணுக்குகூட விழவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

திறந்ததும் தல்அத் பே புதிய திட்டத்தோடு வந்தார். பெயர் "உயிருள்ள அருங்காட்சியகம்".

"டாக்டரம்மா, ஜனங்க வரணும். வந்து சிரிக்கணும், படம் எடுக்கணும், காபி குடிக்கணும். நீங்க என்னடான்னா எழவு வீடு மாதிரி இருட்டாக்கி வெச்சிருக்கீங்க" என்றார்.

"இது சவப்பெட்டி, பே" என்றேன்.

"அதை அவங்களுக்கு ஞாபகப்படுத்தாதீங்க" என்றார்.

இந்த நிலைமையில்தான் ஹாஜி ஷவ்கி வந்தார்.

அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லப்போவதில்லை. நல்ல மனிதர். தந்தா ஊர்க்காரர். வாலிபத்திலேயே ஆஸ்திரேலியாவுக்குப் போய் மெல்போர்னில் டாக்ஸி ஓட்டிப் பிழைத்தவர். ஓய்வு பெற்று, மனைவி ஹிக்மத்தோடு குளிர்காலத்துக்கு ஊர் பார்க்க வந்திருந்தார். நல்ல பருமன். பேசும்போது உடம்பு முழுவதும் பேசும். காவலாளி கல்லஃபிடம் அவர் பேசியது என் அறை வரைக்கும் கேட்டது.

"டாக்ஸியில ஏர்றவன் ஒவ்வொருத்தனும் எந்த ஊருன்னு கேப்பான். எகிப்துன்னு சொன்னாப் போச்சு, மம்மி, பிரமிட், பாம்புன்னு ஆரம்பிச்சுடுவான். நான் ஒண்ணையும் பாத்தவன் இல்ல. பாத்த மாதிரியே அடிச்சு விடுவேன். ஒருத்தன்கிட்ட எங்க வீட்டுக் கொல்லையிலயே ஒரு ராஜா படுத்திருக்கார்னு சொல்லிட்டேன். இப்ப வந்து பாத்தா, நான் அடிச்சு விட்டதைவிட நெசம் நல்லாத்தான் இருக்கு."

கல்லஃப் விழுந்து விழுந்து சிரித்தான். ஹாஜி உள்ளே வந்தார். தமீத்தைப் பார்த்தார். சத்தம் நின்றுவிட்டது.

எனக்கு அது நினைவிருக்கிறது. கயிற்றின் மேல் குனிந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, "ஹிக்மத், இங்க வாயேன். எங்க பெரியக்கா ஸினீயா மாதிரியே இருக்கா பாரு. அந்த மூக்கைப் பாரு" என்றார்.

ஹிக்மத் வாசல் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலி உள்ளவர். "உங்க அக்காவுக்கு மீசை உண்டு" என்றார்.

அவர் சிரித்தார். சிரிப்பு தும்மலில் முடிந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த ஈரமானியைப் பார்த்தேன்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். பிரமிட் பார்க்கப் போனவர் பாதியில் திரும்பி எங்களிடம் வந்தார். லக்ஸருக்கு எடுத்த டிக்கெட்டை ரத்துசெய்தார். வரும்போதெல்லாம் காகிதப் பொட்டலத்தில் உப்புப் போட்ட தெர்மிஸ் பயறு வாங்கி வந்து, காவலாளி முதல் கக்கூஸ் கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் கைநிறையக் கொடுப்பார். எனக்கும் கொடுப்பார். நான் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பேன், அவர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கேள்வி கேட்பார். அவள் என்ன பாடினாள், எவ்வளவு சம்பளம், புருஷன் உண்டா, பிள்ளைகள் உண்டா. என் இருபது வருஷ வேலையில் என்னிடம் அவ்வளவு கேட்டவர் ஒருவரும் இல்லை. வீட்டில் என்னிடம் கேட்க ஆள் இல்லை, வெளியிலும் இல்லை. நான் பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் இன்னும் கொஞ்சம் குனிவார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், ஹாஜி. உங்கள் மூச்சு படுகிறது" என்பேன்.

உடனே தள்ளி நிற்பார், கையால் வாயைப் பொத்திக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவார்.

ஹிக்மத் அவளைச் சக்களத்தி என்றே அழைக்க ஆரம்பித்தார். வந்து உட்கார்ந்ததும், "என் சக்களத்தி சௌக்கியமா டாக்டரம்மா? ராத்திரி தூக்கத்துல இந்த மனுஷன் அவ பேரைத்தான் சொல்றார். கல்யாணமான புதுசுல என் பேரைக்கூட மறந்துட்டு தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர்" என்பார்.

"பொறாமை, பொறாமை" என்பார் ஹாஜி. "அவ வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசுறதில்ல. அதான் எனக்குப் புடிச்சிருக்கு."

அந்த நாட்களில் நான் அதிகம் சிரித்திருக்கலாம். கல்லஃப் உங்களிடம் சொல்லியிருப்பான். அவன் சொன்னது உண்மைதான்.

பிரச்சினை அவருடைய அன்பில் இருந்தது, ஐயா. அன்பில்லாதவர்கள் வந்தால் ஒரு நிமிஷம் நிற்பார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். அவர்கள் செய்கிற சேதம் குறைவு. ஹாஜியால் நிற்காமல் இருக்க முடியவில்லை. நின்றால் பேசாமல் இருக்க முடியவில்லை. அவருக்குப் பிடித்ததை நாலு பேருக்குக் காட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

ஒருநாள் தல்அத் பே என்னை அழைத்தார். ஹாஜி அங்கே உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் வெளிச்சமாக. மெல்போர்னில் உள்ள எகிப்தியர் சங்கத்துக்கு அவர் எழுதிவிட்டாராம். விடுமுறைக்கு ஊர் வந்திருக்கிற அத்தனை குடும்பங்களும் ஒரே மாலையில் வருகிறார்களாம். தமீத் கூடத்திலேயே விருந்து. கூடம் இனி எல்லா நாளும் திறந்திருக்கும். நல்ல விளக்குகள் போடுவதற்கான செலவைச் சங்கமே ஏற்கும்.

"பாட்டுக்காரங்களையும் கூப்பிட்டிருக்கோம் டாக்டரம்மா" என்றார் ஹாஜி. "எக்காளம் வேணாம், தம்பட்டம் வேணாம், மீட்டுறதுக்கு ஒரு ஊத், ஒரு வயலின், பாடுறதுக்கு ஒரு பொண்ணு. பாவம், அவ பாடகி இல்லையா? மூவாயிரம் வருஷமா ஒரு பாட்டுக் கேக்காம படுத்துக் கெடக்கா. எனக்கே தாங்கல."

"எத்தனை பேர்?" என்றேன்.

தல்அத் பே சொன்னார். நான் அதை மூச்சுக்கணக்கில் பெருக்கிப் பார்த்தேன்.

"குழந்தைகளை எண்ணாம சொன்னேன்" என்றார்.

அன்று மாலை ஹாஜி தோட்டத்தில் என்னிடம் வந்து, "கோவமா இருக்கீங்களா?" என்று கேட்டார். நான் விளக்கினேன். மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. மரம், சுண்ணாம்பு, ஈரம், துணுக்கு. அவர் கவனமாகக் கேட்டார். கண் கலங்கியது என்றுகூடச் சொல்லலாம். பிறகு, "ஆனா டாக்டரம்மா, யாரும் பாக்காம இருட்டுல பத்திரமா இருந்து அவளுக்கு என்ன பிரயோஜனம்?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அவரிடம் சொல்லிப் பயனில்லை என்று அப்போது புரிந்துவிட்டது. அவரை மாற்ற முடியாது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் பேசி மாற்றியிருப்பேன்.

இதற்கிடையே தமீத்தின் காலடிப் பலகையில் மாவு போலக் கொஞ்சம் தூள் கண்டேன். மரத்தைத் துளைக்கும் வண்டு. இது என் ஏற்பாடு இல்லை, வண்டு தானாக வந்தது. அதற்கு ஒரு சிகிச்சை உண்டு. மாளிகையின் கீழ்த்தளத்தில் காற்றுப் புகாத சின்ன அறை ஒன்று இருக்கிறது. பொருளை உள்ளே வைத்து, காற்றை எடுத்துவிட்டு நைட்ரஜனை நிரப்புவோம். மருந்து கிடையாது, நெடி கிடையாது, நிறம் கிடையாது. பொருளுக்கு ஒன்றும் ஆகாது. மூச்சு விடுகிற எதுவும் உள்ளே பிழைக்காது. சிகிச்சை முடிய வாரக்கணக்கில் ஆகும். நடுவில் கதவைத் திறந்து வைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கதவில் நான் என் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தேன்: "சிகிச்சை நடக்கிறது, திறக்கக் கூடாது."

தமீத்தை அந்த அறைக்குள் வைத்து மூடிவிட்டு, தல்அத் பேயிடம் விருந்தைத் தள்ளிவைக்கச் சொன்னேன். "விருந்துக்குள்ள வெளிய எடுத்துடுங்க. வண்டுதானே, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. நான் விடுமுறையில் வீட்டில் இருப்பதில்லை. ஹாஜி தோட்டத்துக் கதவு வழியாக வந்தார், கல்லஃப் தொழுகைக்குப் போயிருந்த நேரம். அந்த வாரக் கடைசியில் அவர்கள் தந்தாவுக்குப் போய்ச் சொந்தக்காரர்களோடு தங்கிவிட்டு, விருந்துக்குத் திரும்புவதாக ஏற்பாடு.

"முடிவெட்டப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு வந்தேன்" என்றார் கண்ணடித்து. "நெசத்தைச் சொன்னா ஹிக்மத் விட மாட்டா, மானத்தை வாங்கிடுவா. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன். எங்க வெச்சிருக்கீங்க?"

கீழே கூட்டிப்போனேன். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. கறுப்புத் துணியை விலக்கினேன். அவர் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். உள்ளே மங்கலான விளக்கில் அவள் முகம் தெரிந்தது.

"தூங்குற மாதிரி இருக்கா" என்றார். "கிட்டப் போயி பாக்க முடியாதா? ஒரே நிமிஷம். மூச்சே விட மாட்டேன், சத்தியமா."

ஐயா, இங்கே எழுத்தரைக் கொஞ்சம் நிதானமாக எழுதச் சொல்லுங்கள். இந்த இடத்தைத்தான் செய்தித்தாள்கள் தப்பாக எழுதுகின்றன. நான் அவரைத் தள்ளவில்லை. கையைக்கூடத் தொடவில்லை. அவரிடம் பொய்யும் சொல்லவில்லை. கதவில் எழுதியிருந்ததை அவர் படித்தார், வாய்விட்டே படித்தார். படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் கதவைத் திறந்தேன்.

அவர் நன்றி சொன்னார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

சொன்னபடி கொஞ்ச தூரம் மூச்சை அடக்கிக்கொண்டுதான் போனார். அவருடைய தோள்பட்டையில் அது தெரிந்தது. அவளருகே போய்க் குனிந்தார். பிறகு, வழக்கம்போல, மறந்துவிட்டார். இரண்டு மூச்சு இருக்கும். கால் மடங்கி மெதுவாக உட்கார்ந்தார், களைத்தவர் திண்டில் சாய்கிற மாதிரி அவள் பக்கம் சாய்ந்தார். வலி இருக்காது. வண்டுகளுக்கும் இருப்பதில்லை.

கதவை மூடினேன். ஏன் உடனே மூடினாய் என்று போலீஸ் அதிகாரி கேட்டார். திறந்து வைத்தால் காற்று உள்ளே போய்விடும், சிகிச்சை கெட்டுவிடும் என்றேன். அந்தக் காற்று ஹாஜியைக் காப்பாற்றியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே காற்றுதான். தெரியாது என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை.

பிறகு மாடிக்கு வந்து டீ போட்டுக் குடித்தேன். ஹாஜி என் மேஜையில் வைத்துவிட்டுப் போன பயறுப் பொட்டலத்தைக் கல்லஃபிடம் கொடுத்தேன். எப்போது வந்தது என்று அவன் கேட்கவில்லை.

தேடினார்கள். முடிவெட்டும் கடைகளை எல்லாம் தேடினார்கள். ஆஸ்பத்திரிகள், பிணவறை, நைல் கரை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அருங்காட்சியகத்துக்கும் வந்தார்கள். எங்கள் கேமரா டிக்கெட் கவுண்டரை மட்டும்தான் பார்க்கும், பணம் அங்கே இருப்பதால். மாளிகை முழுவதும் நடந்து பார்த்தார்கள். ஒரு இளம் அதிகாரி கீழ்த்தளத்துக்கு வந்து, அந்தக் கதவின் முன் நின்று, எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க டாக்டரம்மா" என்று சொல்லித் திரும்பிப் போனார். நான் வைத்த அறிவிப்பு ஒன்றுக்கு ஒருவர் கட்டுப்பட்டது அதுதான் முதல் தடவை.

"அவர் இங்கேயிருந்து வெளியே போனதைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். இங்கே இருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஹிக்மத் தினமும் வந்தார். விமான டிக்கெட் காலாவதியானது. தந்தாவிலிருந்து உறவினர்கள் வந்து அழைத்தும் போகவில்லை. பெஞ்சில் குளிராக இருந்ததால் நான்தான் கீழே என் வேலை அறைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நைட்ரஜன் அறை. டீ போட்டுக் கொடுப்பேன். குடிக்காமல் கையில் வைத்திருப்பார்.

"நாந்தான் திட்டினேன்" என்றார் ஒருநாள். "தலையில நாலு முடி இருக்கு, அதை வெட்ட ஒரு கடையான்னு கேட்டேன். அதான் கடைசியா நான் சொன்னது. நாற்பது வருஷம் குடும்பம் நடத்தி, கடைசி வார்த்தை அதா வரணும்?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அது நடிப்பு இல்லை, ஐயா. எனக்கு அவர்மேல் உண்மையாகவே இரக்கம் இருந்தது.

"இங்க உக்காந்தா மட்டும் மனசு கொஞ்சம் அடங்குது டாக்டரம்மா" என்றார். "ஏன்னு தெரியல. நாளைக்கும் வரலாமா?"

"எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்றேன்.

விருந்து நின்றிருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தல்அத் பே நிறுத்தவில்லை. காணாமல் போன ஹாஜியின் பெயரால் பிரார்த்தனை மாலை என்று மாற்றினார். அவருடைய படத்தைப் பெரிதாக்கிப் பூங்கொத்தோடு வாசலில் வைத்தார்கள். ஊத், வயலின், பாடுகிற பெண் எல்லாரும் வந்தார்கள். தமீத் சிகிச்சையில் இருந்ததால், அவளுடைய புகைப்படத்தை ஆளுயர அட்டையில் ஒட்டி, வெட்டி, கூடத்தின் நடுவில் நிறுத்தினார்கள். ஜனங்கள் அதன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் அட்டைக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். மறுநாள் தல்அத் பே, "அட்டையே நல்லாத்தான் இருக்கு டாக்டரம்மா, இனிமே அதையே வெச்சுக்கலாம். நெசத்தை நீங்க கீழயே பூட்டி வெச்சுக்கங்க" என்றார்.

அன்றைக்கு நான் வெகுநேரம் யோசித்தேன். ஒரு அட்டை. அவ்வளவுதான் வேண்டியிருந்திருக்கிறது. இருபது வருஷமாக ஒருவருக்கும் தோன்றவில்லை. நிர்வாகம் சரியாக இருந்தால் இந்த நிலைமையே வந்திருக்காது என்பதை நீங்கள் அறிக்கையில் சேர்க்க வேண்டும். அட்டை போதாதவர் என்று எங்கள் அருங்காட்சியகத்துக்கு ஒரே ஒருவர்தான் வந்தார்.

சிகிச்சைக் காலம் முடிந்ததும் காற்றை விட்டு, கதவைத் திறந்தேன். நானேதான் உங்கள் ஆட்களுக்குப் போன் செய்தேன். யாரும் என்னைப் பிடிக்கவில்லை. அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதை உங்கள் மருத்துவர் எழுதியிருப்பார். ஹிக்மத் அன்றும் என் அறையில் உட்கார்ந்திருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து, "ஹாஜியைக் கண்டுபிடித்துவிட்டோம்" என்று மட்டும் சொன்னேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். எழுந்து, அந்தச் சுவர்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு நின்றார். அவரை அங்கேயிருந்து கூட்டிப்போக மூன்று பேர் வேண்டியிருந்தது.

செய்தேன், ஐயா. நான்தான் செய்தேன். கதவைத் திறந்ததும் நான், மூடியதும் நான், என்ன ஆகும் என்று தெரிந்தேதான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ அங்கே போடுகிறேன். வருத்தம் உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. நான் ஒரு தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். மூச்சில் இருக்கிற ஈரத்தைத்தான் நினைத்தேனே தவிர, உடம்பில் இருக்கிற ஈரத்தை நினைக்கவில்லை. ஒரு பெரிய மனிதர், பூட்டிய அறை, வாரக்கணக்காக. வந்து போன அத்தனை பேரும் செய்யாததை அவர் ஒருவரே செய்துவிட்டார். தமீத்தின் இடது பக்கம் முழுவதும் சுண்ணாம்பு பிரிந்து நிற்கிறது. அவர் சாய்ந்திருந்த இடத்தில் அவளுடைய கன்னத்து மஞ்சளே போய்விட்டது. பழம்பொருளுக்குச் சேதம் விளைவித்தால் வழக்குப் போட நம் சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் அவர்மேல் புகார் கொடுக்கப்போவதில்லை. அவர் வேண்டுமென்று செய்யவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த மஞ்சள் அவர் கன்னத்தில் அப்படியே ஒட்டியிருப்பதை நான் பார்த்தேன். உங்கள் பிணவறையில் இன்னும் அவரைக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்கள். குடும்பத்தார் வந்து தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் என்னைக் கிடுக்கியோடு ஒரு மணி நேரம் அவரிடம் அனுமதியுங்கள். அவசரப்பட மாட்டேன். நான் பக்கத்தில் இருக்கும்போது அவருக்கு ஒன்றும் ஆகாது.